குழாய்க்கு ஒரு நோட்டீஸ்

துரு முன்கணிப்பு வாரியத்தில் துருவுக்கு அனுமதி கிடையாது. வாசல் கேட்டிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி வரைக்கும் பித்தளை, கண்ணாடி, பிளாஸ்டிக். கடலுக்கு அடியில் கேஸ் கொண்டுபோகும் இரும்புக் குழாய் எத்தனை வருஷத்தில் எவ்வளவு துருப்பிடிக்கும் என்று சொல்வதற்காகவே மக்களின் வரிப்பணத்தில் எழுப்பிய கட்டடம் அது. உள்ளே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் துருவை நேரில் பார்த்ததில்லை. மீதிப் பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியவர்கள். அவர்களுக்குத்தான் பதவி உயர்வு சீக்கிரம் வந்தது.

அங்கேதான் அவள் ஒரு கப்பல் பட்டறையிலிருந்து பொறியாளராக வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பிறகு யாரும் வேலைக்கு எடுக்கப்படாததால், வருஷம் இரண்டு ஓடியும் வாரியத்தில் எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டதில் கொஞ்சம் பிரியமும் இருந்தது, உனக்கு இன்னும் விவரம் பத்தாது என்கிற இளக்காரமும் இருந்தது.

அவள் சேர்ந்த அன்றைக்கே மாதிரி அறையைக் காட்டினார்கள். நீளமான கண்ணாடித் தொட்டிகள், அவை நிறைய கடல் தண்ணீர், அதற்குள் வரிசையாகத் தொங்கும் இரும்புத் தகடுகள். கடலடிக் குழாய் எந்த இரும்போ அதே இரும்பு. அவ்வப்போது ஒரு தகட்டை எடுத்து நிறுப்பார்கள். எடை எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவை உப்புத் தண்ணீர் தின்றிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து, குழாயை வருங்காலத்தில் கடல் எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடுவார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுசு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது தகடுகள் கடையிலிருந்து அப்போதுதான் பிரித்த கரண்டிபோல் மின்னின.

"இதெல்லாம் எவ்வளவு காலமா தண்ணியில கெடக்கு?" என்று தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டாள். அவரை அங்கே தொட்டிக்காரர் என்பார்கள்.

"அந்தக் கடைசி வரிசை பத்து வருஷம் மேடம்."

"பத்து வருஷமா? மொகம் பாத்துக்கலாம் போலிருக்கே!"

"மாத்திக்கிட்டே இருப்போம்ல."

"எதை மாத்துவீங்க?"

"துருப்பிடிச்ச தகடத்தான். துருப்பிடிச்சுட்டா அது கெட்டுப்போன மாதிரி மேடம். கெட்டுப்போனத வெச்சு கணக்குப் போட்டா கணக்கும் கெட்டுப்போயிடும்ல? அதத் தூக்கிப் போட்டுட்டு அதே நம்பர்ல நல்லதா ஒண்ணத் தொங்கவிட்ருவோம்."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரத்தில் லேசாகப் பழுப்பு கண்டிருந்த ஒரு தகட்டைக் கொக்கியிலிருந்து கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். கூடை நிறைந்திருந்தது. கடல் இரும்பை என்ன செய்யும் என்கிற உண்மை முழுக்க அந்தக் கூடைக்குள் இருந்தது, அதைத் தினமும் சாயங்காலம் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போனது.

எப்படி வந்தது இந்த வழக்கம் என்று அவள் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். எந்தக் காலத்திலோ ஒரு வாரியத் தலைவர் மாதிரி அறையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, யாரோ தூக்கிக் காட்டிய தகட்டிலிருந்து செந்நிறமாக ஒரு சொட்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்துவிட்டது. "என்னய்யா அசிங்கம் இது?" என்றாராம். அடுத்த வாரமே, பழுதுற்ற மாதிரிகளை உடனுக்குடன் அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்தத் தலைவர் போய்விட்டார், சட்டையும் போயிருக்கும். சுற்றறிக்கை மட்டும் சிரஞ்சீவியாக இருந்தது.

புதுசு தன் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவரை வாரியத்தில் 'சராசரி' என்பார்கள். எந்த இரண்டு பேர் சண்டை போட்டாலும் நடுவில் நின்று கூட்டி இரண்டால் வகுத்துவிடும் மனிதர். ஜன்னலைத் திற என்று ஒருத்தரும் மூடு என்று ஒருத்தரும் சொன்னால் பாதி திறந்து வைப்பார். மழை உள்ளே வரும், காற்று வராது.

"சார், துருப்பிடிச்சதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டா, துருவே பிடிக்காதுன்னுதானே கணக்கு வரும்?"

"ஆமா. அதான் நமக்கு இவ்வளவு நல்ல கணக்கு வருது" என்றார் சராசரி, முழு மனதோடு. "நீ புதுசும்மா. போகப் போகப் புரியும்."

புரியவில்லை. ஆனால் சம்பளம் வந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே கிடைத்தது. அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள், மூன்று முறையும் 'பார்க்கப்பட்டது' என்று திரும்பி வந்தது. பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்யாதவர்கள்?

வாரியத்தின் பெரிய நாள் வளைகோடு திறப்பு விழா. குழாயின் எதிர்காலத்தை ஒரு கோடாக வரைந்து, பட்டுத்துணி போட்டு மூடி, மேடையில் வைத்திருப்பார்கள். வாரியத் தலைவர் கயிற்றை இழுப்பார். அந்த வருஷம் துணி விலகியதும் தெரிந்த கோடு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரும்பு இந்தக் கோட்டின்படி தேய்வதாக இல்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் மைக்கைப் பிடித்தார். தோள் அகலமானவர், குரல் அதைவிட அகலம்.

"எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் நம் குழாய்க்கு அறுபது ஆண்டு கொடுத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் நாற்பத்தைந்துதான் கொடுத்தார். மனம் குறுகியவர், இப்போது நம்மிடையே இல்லை. நான் தொண்ணூறு கொடுக்கிறேன்!"

கைதட்டல்.

"சில பேர் கேட்கிறார்கள், தொண்ணூறு ஆண்டு கழித்து இந்தக் கணிப்பு பொய்த்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று. நண்பர்களே, தொண்ணூறு ஆண்டு கழித்து என்னை யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

இதற்கு முன்னைவிடப் பலமான கைதட்டல். மேடையில் இருந்த ஒரு பெரிய மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புதுசின் கணவன் டைவர். அந்தக் குழாயைப் பார்த்து வருவதற்காகக் கடலுக்குள் இறங்குகிற ஆட்களில் மூத்தவன். அவளுடைய தம்பியும் அதே படகில்தான் வேலை பார்த்தான், ஆனால் அவனுக்கு இன்னும் அனுபவம் போதாது. விழாவுக்குச் சில நாள் கழித்து, டைவர் வேலையிலிருந்து வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"கடல் நடுவுல நிக்கற மேடைப் பக்கமா ஒரு வளைவு இருக்குல்ல, கேஸ் மேல ஏறுற எடம்? அங்க சிப்பியச் சுரண்டிட்டுத் தடிமன் மீட்டர் வெச்சுப் பாத்தேன். நாலு."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "நாலு என்ன?"

"நாலு மில்லிமீட்டர். போடும்போது பன்னெண்டு. மூணு தடவ வெச்சுப் பாத்தேன், மூணு தடவயும் நாலு. உள்ள முழு அழுத்தத்துல கேஸ் ஓடுது. கைய வெச்சா அதிருது தெரியுமா."

அந்த இடத்தில் இரும்புப் பட்டை கட்டினால் குழாய் தாங்கும். ஆனால் பட்டை கட்ட டைவர்கள் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும், அதுவரைக்கும் கேஸை மூடியிருக்க வேண்டும். மூடச் சொல்லும் அதிகாரம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. துரு முன்கணிப்பு வாரியத்தில்.

"நீ சொன்னாக் கேப்பாங்கல்ல?" என்றான்.

அவளுக்குக் கூடை ஞாபகம் வந்தது. "கேப்பாங்க. கேக்க வெக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் சராசரியின் மேஜைமேல் அந்த அளவை வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் நாலுங்கிறார். நாம பன்னெண்டுங்கிறோம்."

"ஆமா சார்."

"எட்டுன்னு வெச்சுக்குவோமே. எட்டுன்னா மூட வேண்டிய அவசியமே இல்ல. அவருக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை."

"சார், இது என்ன சந்தையில பேரமா? கொழாய் நாலுதான் இருக்கு!"

"நீ இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நான் குழுவுக்குத்தான் அனுப்பணும்" என்று வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான். பாதி வழி இறங்கி வராதவர்களைக் கண்டால் அவருக்கு மனசு கஷ்டப்படும்.

குழுவின் பெயர் முரண்பாட்டுத் தீர்வுக் குழு. அளவுக்கும் கணிப்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் பஞ்சாயத்து பண்ணுவதற்கென்று அமைத்தது. தலைவரே அதற்கும் தலைவர். நீள மேஜையில் டைவரின் தடிமன் மீட்டரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். எதிரே புதுசு உட்கார்ந்தாள். எல்லோரும் மீட்டரையே முறைத்துப் பார்த்தார்கள். அது பாவம், சிவப்பு விளக்கு ஒன்றைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

"இதுக்கு முன்னால இது எப்பவாவது கணிப்ப எதிர்த்திருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"போன வருஷம் ஒரு தடவ பதினொண்ணுன்னு காட்டியிருக்கு சார்" என்றார் ஒரு உறுப்பினர்.

"அப்பவே கண்டிச்சிருக்கணும். இடம் குடுத்துட்டோம்."

மீட்டரை இடைநீக்கம் செய்து விசாரிப்பது என்று முடிவாயிற்று. இடைநீக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதிச் சம்பளம் என்று விதி இருப்பதால், அதற்குள் இருந்த இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் கழற்றினார்கள். விதி என்றால் விதி. புதுசு இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளாவிட்டால் எதையாவது தூக்கி அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"சார், வேற மீட்டர் வெச்சுப் பாருங்க. பத்து மீட்டர் வெச்சுப் பாருங்க. அதுவரைக்கும் கேஸ மட்டும் கொறைங்க. அங்க ஆளுங்க எறங்கறாங்க சார்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். குழந்தைக்குச் சொல்லுவதுபோல் சொன்னார். "இங்க பாரும்மா. அளவுங்கிறது ஒரு நாள் சமாச்சாரம். இன்னிக்கு நாலு காட்டும், நாளைக்கு மூணு காட்டும். அதுக்கு ஒரு நிலையான புத்தி கிடையாது. கணிப்பு அப்படியா? தொண்ணூறு வருஷத்துக்கு ஒரே பேச்சு. எத நம்பச் சொல்ற?"

குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"அப்ப கொழாய் மெலிஞ்சிருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அத நீ எங்கிட்ட ஏன் கேக்கற? மெலிஞ்சது அதுதானே. அதத்தான் கேக்கணும்."

சொன்னதும் அவருக்கே அது பிடித்துப்போயிற்று. முகம் பிரகாசமானது. அங்கேயே எழுத வைத்தார். 'கடலடிக் குழாய் அவர்களுக்கு. வாரியத்தால் அங்கீகரிக்கப்பட்ட கணிப்புக்கு மாறாகவும், முன் அனுமதி ஏதுமின்றியும், தாங்கள் மெலிந்திருப்பதாகத் தெரியவருகிறது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு உரிய காலத்துக்குள் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

"இத எப்படி சார் அதுக்குக் குடுப்பீங்க?" புதுசின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சட்டப் பிரிவு உடனே எடுத்துக் கொடுத்தது. நோட்டீஸை வாங்க ஆள் இல்லையென்றால் இருப்பிடத்தில் ஒட்டலாம். தண்ணீர் புகாத உறை போட்டு அந்த வளைவிலேயே ஒட்டிவிட வேண்டும். ஒட்டுவதற்கு, அந்த இடம் தெரிந்த டைவரை அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் டைவர் இதைக் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நெஜமாவா?"

"நீங்க போகாதீங்க. முடியாதுன்னு சொல்லிருங்க."

"நான் முடியாதுன்னா அடுத்து யாரு? உன் தம்பி. அவன் அந்த எடத்துல சுத்தியால சிப்பியத் தட்டினாலும் தட்டுவான். நானாவது அதிராம பொத்துனாப்ல ஒட்டிட்டு வந்துருவேன்." மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பேச்சை மாற்றிவிட்டான். ஆனால் சாப்பிட்ட கை தட்டிலேயே நின்றது. நோட்டீஸ் ஒட்டப்போய்ச் செத்தான் என்று ஊர் பேசுவதை அவன் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவள் நினைத்துப் பார்த்தாள்.

வாரியத்தில் நோட்டீஸ் ஒட்டுவதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்திவிடலாம் என்று யோசனை வந்தது. வரலாற்றில் முதல் முறையாக ஒரு குழாய் தட்டிக் கேட்கப்படுகிறது, அதைத் தலைவரே கடலில் இருந்து பார்வையிட்டால் பத்திரிகையில் போடுவார்கள். நேரம் குறித்து நிகழ்ச்சி நிரல் தயாரானது. தலைவர் படகில் ஏறுதல், டைவரிடம் நோட்டீஸ் வழங்குதல், டைவர் இறங்குதல், சிற்றுரை, தலைவர் கரை திரும்புதல்.

நிரலை நகல் எடுக்கப் போன புதுசு, நகல் அறை வாசலில் பாதுகாப்பு அதிகாரி போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"ஆமாங்க, தலைவர் கடல்ல இருக்கற வரைக்கும் கேஸ மூடி வெச்சிருங்க. முழுசா மூடிருங்க. எதுக்கு ரிஸ்க்?"

அவ்வளவுதான். போன் வைத்தாயிற்று. குழு இல்லை, கூட்டம் இல்லை, யாரையும் இடைநீக்கம் செய்யவில்லை. அவள் இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காத ஆணை, ஒருவர் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு போகிற நேரத்தில் கிடைத்துவிட்டது. அவள் சராசரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், ரிஸ்க்கே இல்லைன்னுதானே சொன்னீங்க? இப்ப எதுக்கு மூடறாங்க?"

சராசரி கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "கணிப்புப்படி ரிஸ்க் இல்லம்மா. ஆனா இது தலைவராச்சே."

அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். முதலிலிருந்தே தெரியும். முட்டாள்கள் என்று நினைத்துத்தான் அவள் இவ்வளவு நாளும் பொறுத்துப் போனாள். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம், அதற்கு மருந்து உண்டு. இவர்கள் முட்டாள்கள் இல்லை. தெரிந்துகொண்டே அடுத்தவன் பிள்ளையை அனுப்புகிறவர்கள். சரி, எப்படியோ அன்றைக்குக் கேஸ் மூடியிருக்கும், வீட்டுக்காரர் பிழைத்து வந்துவிடுவார் என்று ஒரு நிம்மதியும் அவளுக்கு வந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

குறித்த நாளில் கடல் கொஞ்சம் புரண்டுகொண்டிருந்தது. டைவர்களின் பெரிய படகு நங்கூரம் போட்டு நின்றது. அதன் பக்கத்தில் தலைவரின் சின்ன விசைப்படகு, என்ஜினை நிறுத்திவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் தலைவர், பாதுகாப்பு அதிகாரி, புகைப்படக்காரர், படகோட்டி, நோட்டீஸைத் தட்டில் ஏந்தி நிற்பதற்காகப் புதுசு. தலைவர் மிதவைச் சட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டிருந்தார். பெரிய படகின் விளிம்பில் முழு உடுப்போடு நின்ற டைவரிடம் நோட்டீஸை நீட்டினார். போட்டோ எடுத்தார்கள். டைவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீரில் இறங்கினான்.

சிற்றுரை தொடங்கியது. "இன்று நாம் குழாயைக் கேட்கிறோம். நாளை கடலையே கேட்போம்..." அதற்குள் ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு அலை. சிற்றுரையின் மிச்சம் கடலுக்குள் போயிற்று, காலைச் சாப்பாட்டோடு.

"திருப்பு. கரைக்குத் திருப்பு" என்றார், முகம் பச்சையாகி.

"சார், டைவர் இன்னும் கீழ இருக்கார்" என்றாள் புதுசு. "டக்குனு மேல ஏற முடியாது சார். மெதுவா நின்னு நின்னுதான் ஏறணும், இல்லேன்னா ஒடம்பு தாங்காது. அவர் வர்ற வரைக்கும் கேஸத் தொறக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க."

பாதுகாப்பு அதிகாரி குறுக்கே புகுந்தார். "'தலைவர் கடலில் இருக்கும் வரை'ன்னு ஆணையில தெளிவா போட்டிருக்கு. நாம அந்த மிதவையத் தாண்டினதும் தொறந்துருவாங்க."

"ஒரு வார்த்த சார். வயர்லெஸ்ல ஒரே ஒரு வார்த்த."

தலைவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா என்ன அர்த்தம் ஆகும்னு யோசிச்சியா? ஒரு டைவருக்காக மூடினோம்னா குழாய்மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். வாரியம் என்ன ஆகறது? படகை எடுப்பா!"

படகோட்டி சாவியைத் திருகக் கையை நீட்டினான். அவளுடைய கை முந்திக்கொண்டது. சாவியை உருவினாள், ஒரு வீச்சில் கடலில் எறிந்தாள். என்ன செய்கிறோம் என்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

"அரசாங்கச் சாவி!" என்று அலறினார் பாதுகாப்பு அதிகாரி.

"எடுத்துத் தர கீழ ஒரு ஆள் இருக்கார் சார். மேல வந்ததும் கேளுங்க." அவள் என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். "அவர் வர்ற வரைக்கும் நீங்களும் கடல்லதான் இருக்கீங்க. கேஸும் மூடித்தான் இருக்கும்."

பெரிய படகை நகர்த்திக் கட்டி இழுக்கலாமா என்று பார்த்தார்கள். டைவர் கீழே இருக்கும்போது அது அங்குலம் நகராது. கரையிலிருந்து வேறு படகு வரவழைக்கலாம், நேரம் ஆகும். புகைப்படக்காரர் இதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. கரையில் இருந்த கட்டுப்பாட்டு அறை. "நிகழ்ச்சி முடிந்தது. கேஸ் திறக்கிறோம்."

தலைவர் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார். "தொறக்காதீங்க! நான் தலைவர் பேசறேன்! நான் இன்னும் கடல்லதான் இருக்கேன்!"

"நிகழ்ச்சி நிரல்படி தலைவர் கரை திரும்பிட்டார் சார்" என்றது குரல், பணிவாக.

"யோவ், நான்தான்யா தலைவர்! குழாய்க்கு நேர் மேல நிக்கறேன்!"

"நிரல்ல அப்படி இல்லையே சார். நிரலுக்கு மாறா தகவல் வந்தா குழுவுக்கு அனுப்பணும்னு நீங்கதான் சார் உத்தரவு போட்டிருக்கீங்க. நிரல்படி தொறந்துடறோம் சார்."

இதைச் சொன்னது எந்தப் புண்ணியவானோ, அவனுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தார்கள். தலைவர் வயர்லெஸ்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த அகலமான குரல் கிழியக் கத்தினார்.

"தொறக்காதடா! வெடிச்சுரும்டா! நாலு மில்லிமீட்டர்தான்டா இருக்கு! அந்தத் தொண்ணூறெல்லாம் சும்மாடா! நாலுதான்டா இருக்கு!"

அது டைவர்களின் படகில் கேட்டது. கடல் மேடையில் கேட்டது. கரையில் ஒவ்வொரு அறையிலும் கேட்டது. பிறகு குரல் சொன்னது, "புரிஞ்சது சார். மூடியே வெச்சிருக்கோம்."

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. புதுசு மட்டும் பார்த்தாள், கண்ணை எடுக்காமல். இத்தனை நாள் மேஜைக்கு மேஜை எடுத்துக்கொண்டு அலைந்த அந்த எண்ணை, அவர் வாயில் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இல்லை. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் டைவரின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஏணியைப் பிடித்து ஏறி, முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினான். விசைப்படகில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துச் சொன்னான். "ஒட்டிட்டேன். ஒட்டும்போது கட்டைவிரல் பட்ட எடம் உள்ள அமுங்குச்சு." அவள் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள்.

அந்த வளைவுக்குப் பட்டை கட்டினார்கள். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டதே, வேறு வழி? ஆனால் வாரியம் சும்மா இருக்குமா. உரிய காலத்துக்குள் பதில் தராததால் குழாய் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்தார்கள். உயிரைத் துச்சமாக மதித்துக் கடலுக்கே போய்க் குறையைக் கண்டுபிடித்தவர் என்று தலைவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. குறை இருந்த இடம் சரியாகிவிட்டபடியால் மற்ற இடங்களில் குறையே இல்லை என்று தேறி, கேஸை முன்னைப்போல் முழு அழுத்தத்தில் திறந்துவிட்டார்கள். அடுத்த வளைகோட்டில் நூறு ஆண்டு என்று பேச்சு.

புதுசைச் சாவிக்காக விசாரித்தார்கள். அதே நீள மேஜை. இந்த முறை நடுவில் மீட்டர் இல்லை, அவள் இருந்தாள். தலைவர் கனிவாகத்தான் பேசினார்.

"நீ சின்னப் பொண்ணு, கோவத்துல பண்ணிட்ட. வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி சொல்லு, முடிச்சுக்கலாம். வேலையும் போகாது."

அன்று காலையில் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மேடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வளைவு இருக்கிறதாம், அதைப் பார்த்து வர அவனை இறக்கப்போகிறார்களாம். கேஸ் ஓடிக்கொண்டுதான் இருக்குமாம்.

"வருத்தம் இருக்கு சார்" என்றாள்.

எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். சராசரி நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எங்க வீட்டுக்காரர் மேல வந்ததும், உங்களக் கரைக்குப் போக விட்டுட்டேன்ல? அதுதான் சார் வருத்தம்."